நார்மன் வெற்றிக்குப் பிந்தைய இங்கிலாந்து: படிப்பவர்கள் அடிக்கடி இடறும் இடங்கள்

1066-ல் வட பிரான்சிலுள்ள நார்மண்டியின் கோமகன் வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தைப் பிடித்தார். நிலமானிய முறையைக் கொண்டுவந்தார். உச்சியில் அரசரும் அடியில் அடிமைக் குடியானவர்களுமாக ஒரு சமூகக் கூம்பைக் கட்டினார். சாக்சன் மக்கள், அதாவது பழைய ஆங்கிலேயர்கள், தலைமுறை தலைமுறையாக நார்மன் எசமானர்களை வெறுத்தார்கள். கடைசியில் 1215-ல் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனம் வந்து மக்களாட்சிக்கு வித்திட்டது. தேர்வுக் குறிப்புகளிலும் காணொளிகளிலும் இந்தக் கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு கோணல் ஒளிந்திருக்கிறது.

இந்தக் கோணல்களில் பலவற்றுக்கு வேர் ஒன்றே. வென்றவர்கள் மேல்மட்ட மனிதர்களை ஏறக்குறைய முழுவதுமாக மாற்றினார்கள். நாட்டை நடத்திய நிர்வாகத்தையோ அப்படியே எடுத்துக்கொண்டு, இன்னும் இறுக்கி ஓட்டினார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தவறுகிறவர்கள் எல்லாம் தலைகீழாயிற்று என்பார்கள். இல்லையென்றால் எதுவுமே மாறவில்லை என்பார்கள்.

அக்டோபர் 14-ஆம் தேதியோடு எல்லாம் முடிந்தது என நினைப்பது

ஹரோல்டு மன்னர் ஹேஸ்டிங்ஸ் களத்தில் விழுந்த மறுநாள் இங்கிலாந்து வில்லியமின் கைக்கு வந்துவிடவில்லை. லண்டனில் கூடிய தலைவர்கள் பழைய அரச வம்சத்தைச் சேர்ந்த இளைஞன் எட்கரை அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். வில்லியம் லண்டனைச் சுற்றி ஊர்களைச் சூறையாடிக்கொண்டே நகர்ந்த பிறகுதான் அவர்கள் பெர்காம்ஸ்டெட்டில் பணிந்தார்கள்.

கிறிஸ்துமஸ் நாளன்று வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் நடந்த முடிசூட்டு விழாவே அந்த ஆட்சி எவ்வளவு பதற்றத்தோடு தொடங்கியது என்பதைக் காட்டும். இவரை அரசராக ஏற்கிறீர்களா என்று யார்க் பேராயர் எல்ட்ரெட் ஆங்கிலத்தில் கேட்டார். கூட்டான்ஸ் பிஷப் ஜெஃப்ரி பிரெஞ்சில் கேட்டார். இரு மொழிகளிலும் ஆரவாரம் எழுந்தது. வெளியே காவல் நின்ற நார்மன் வீரர்கள் உள்ளே ஏதோ சதி நடக்கிறது என்று எண்ணி அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். கூட்டம் அலறியடித்து வெளியே ஓடியது. மிஞ்சிய சில பாதிரியார்கள் நடுநடுங்கிக்கொண்டிருந்த வில்லியமுக்குச் சடங்கை முடித்துவைத்தார்கள் என்று எழுதுகிறார் ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி.

அதன்பின் 1068-ல் எக்சிட்டர் நகரம் எதிர்த்தது. 1069-ல் டென்மார்க் கப்பற்படையின் துணையோடு யார்க்கில் கிளர்ச்சி வெடித்தது. அதற்குப் பதிலடியாக அந்தக் குளிர்காலம் முழுவதும் வில்லியமின் படை வடக்கே வயல், தானியம், கால்நடை, கலப்பை என ஒன்றையும் விடாமல் அழித்தது. தீவுபோல் சதுப்பு நிலம் சூழ்ந்த ஈலி 1071-ல்தான் வீழ்ந்தது. ஐந்து ஆண்டுப் போரை ஒரு நாள் போராகச் சுருக்கிவிட்டால், ஊர் ஊராகக் கோட்டை கட்ட வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பதே புரியாமல் போகும். அந்தக் கோட்டைகளும் படங்களில் நாம் பார்க்கும் கல்மாளிகைகள் அல்ல. பெரும்பாலானவை மண்மேட்டின்மேல் அவசரமாக எழுப்பிய மரக்கோபுரங்கள்.

நார்மன்களே எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள் என நினைப்பது

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். 1066-க்கு முன்பே இங்கிலாந்து ஷயர்களாகவும் (மாவட்டம் போன்ற பிரிவுகள்), ஒவ்வொரு ஷயரும் 'நூறு' எனப்பட்ட உட்பிரிவுகளாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. ஷயருக்கு அரசரின் அதிகாரியாக ஒரு ஷெரீப் இருந்தார். நூறுக்கு ஒரு மன்றம் இருந்தது. நிலத்தை 'ஹைடு' என்ற அலகில் கணக்கிட்டு, நாடு முழுவதும் கெல்டு என்ற வரி வசூலித்தார்கள். அரசர் தலை பொறித்த வெள்ளிப் பென்னிகளைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை திரும்பப் பெற்றுப் புதிதாக அச்சடித்து வெளியிட்டார்கள். நார்மண்டியில் இப்படியொரு நாடு தழுவிய நிலவரி கிடையாது. பொன்முட்டையிடும் வாத்து கைக்கு வந்தபோது வில்லியம் அதை அறுத்துப் பார்க்கவில்லை.

அரசர் தம் அதிகாரிகளுக்குச் சுருக்கமாக எழுதி முத்திரையிட்டு அனுப்பும் 'ரிட்' என்ற ஆணையும் பழைய ஆங்கிலேய அரசர்களுடையதுதான். (இன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கலாகும் ரிட் மனுவுக்கு அது தொலைதூர மூதாதை.) வெற்றிக்குப் பின் வில்லியம் லண்டன் நகரத்தாருக்கு அனுப்பிய ரிட் இன்றும் இருக்கிறது. சில வரிகளே கொண்ட சிறு தோல் துண்டு, எழுதியிருப்பது ஆங்கிலத்தில். எட்வர்டு மன்னர் (ஹரோல்டுக்கு முன் ஆண்டவர்) காலத்தில் உங்களுக்கு இருந்த உரிமைகள் தொடரும், தந்தைக்குப் பின் பிள்ளைக்குச் சொத்து சேரும், உங்களுக்கு எவரும் தீங்கு செய்ய விடமாட்டேன் என்கிறது அது. 1070-க்குப் பிறகு அரசாணைகள் லத்தீனுக்கு மாறின. அன்று முதல் அரசாங்கமே பிரெஞ்சில் நடந்தது என்று எழுதுவதும் தவறுதான். மேட்டுக்குடியின் பேச்சு பிரெஞ்சு. ஆவணங்களின் மொழி லத்தீன். மற்ற எல்லோருக்கும் ஆங்கிலம்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் வில்லியம் எடுத்த நில, சொத்துக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே ஏட்டைத்தான் திறக்க வேண்டும். டென்மார்க் படையெடுத்து வரும் என்ற அச்சம் நிலவிய 1085-ல், குளோஸ்டரில் நடந்த கிறிஸ்துமஸ் அவையில் வில்லியம் இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்கிவைத்தார். அதிகாரிகள் ஒவ்வொரு நூறாகப் போனார்கள். ஷெரீப், பிரபுக்கள், பாதிரியார், ஊர் மணியக்காரர், ஊருக்கு ஆறு குடியானவர்கள் எனச் சத்தியப்பிரமாணம் செய்துவைத்துக் கேட்டார்கள். பண்ணையின் பெயர் என்ன? எட்வர்டு மன்னர் காலத்தில் யாருடையது? இப்போது யாருடையது? எத்தனை ஹைடு? எத்தனை ஏர்? குடியானவர் எத்தனை பேர், அடிமைகள் எத்தனை பேர்? காடு, புல்வெளி, ஆலை, மீன் குளம் எவ்வளவு? அன்று என்ன மதிப்பு, இன்று என்ன மதிப்பு? கடைசியாக ஒரு கேள்வி வரும். இப்போது கிடைப்பதைவிடக் கூடுதலாக இதிலிருந்து எடுக்க முடியுமா? ஓர் எருதோ பசுவோ பன்றியோகூடக் கணக்கிலிருந்து தப்பவில்லை, இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது என்று ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பை எழுதியவர் புலம்புகிறார். கேள்வி கேட்டவர்கள் புதியவர்கள். பதில் சொல்லிப் பழகிய மன்றங்கள் பழையவை. நூறுகளின் மன்றங்கள் இல்லாத நாட்டில் இவ்வளவு பெரிய கணக்கை ஒரே ஆண்டுக்குள் எடுத்திருக்க முடியாது.

அதே ஏடுதான் மறுபக்கத் தவறையும் உடைக்கிறது. எட்வர்டு காலத்து உடைமையாளர் பெயர்களுக்கும் 1086-ஆம் ஆண்டுப் பெயர்களுக்கும் இடையே ஒரு தலைமுறைகூட முழுதாகக் கழியவில்லை. ஆனாலும் அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்ற பெரிய உடைமையாளர்களில் ஆங்கிலேயர் இருவர்தான் மிஞ்சியிருந்தார்கள்: வார்விக்ஷயரில் ஆர்டனைச் சேர்ந்த தோர்க்கெல், லிங்கனில் கோல்ஸ்வெய்ன். திருச்சபையிலும் இதே கதை. 1087-ல் வில்லியம் இறக்கும்போது பதவியில் இருந்த ஆங்கிலேய பிஷப் வூஸ்டரின் வுல்ஃப்ஸ்டன் ஒருவர்தான்.

கூம்பு வரைபடத்தை நம்புவது

மேலே அரசர், கீழே பிரபுக்கள், அதற்கும் கீழே குதிரைவீரர்கள், அடியில் குடியானவர்கள் என்ற அந்தப் படம் பள்ளிச் சுவருக்கு ஏற்றது. 11-ஆம் நூற்றாண்டு மனிதர் யாரும் அதைப் பார்த்ததில்லை. 'நிலமானிய முறை' என்ற ஒற்றைப் பெயரில் இவற்றையெல்லாம் முடிந்துவைத்தவர்கள் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த சட்ட அறிஞர்களும் வரலாற்று ஆசிரியர்களும்தான்.

ஒரு குதிரைவீரர் மூன்று பிரபுக்களிடம் நிலம் பெற்றிருக்கலாம். அந்த மூவரும் தமக்குள் சண்டையிட்டால் அவர் யார் பக்கம் நிற்பார்? இங்கிலாந்தின் அரசரே நார்மண்டிக் கோமகன் என்ற முறையில் பிரான்ஸ் அரசருக்குக் கட்டுப்பட்டவர். 1202-ல் பிரான்சின் இரண்டாம் பிலிப், இங்கிலாந்தின் ஜான் மன்னரின் பிரெஞ்சு நிலங்களைப் பறிமுதல் செய்ய இந்தக் கட்டுப்பாட்டைத்தான் பிடித்துக்கொண்டார்; 1204-க்குள் நார்மண்டி கைவிட்டுப் போயிற்று. 1086 ஆகஸ்டில் வில்லியம் சாலிஸ்பரியில் நில உடைமையாளர்களைத் திரட்டி, அவர்கள் எந்தப் பிரபுவின் ஆட்களாக இருந்தாலும் நேரடியாகத் தமக்கே விசுவாசப் பிரமாணம் எடுக்கவைத்தார். கூம்பு முறைப்படி நடந்திருந்தால் இந்தப் பிரமாணம் தேவைப்பட்டிருக்காது. படை விஷயமும் அப்படியே. நிலத்துக்கு ஈடாகக் குதிரைவீரரை அனுப்பும் கடமை இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கடமைக்குப் பதில் பணம் வாங்கிக்கொண்டு, கூலிப்படையை அமர்த்துவதையே அரசர்கள் பல நேரங்களில் விரும்பினார்கள்.

அடித்தட்டும் ஒரே வண்ணமாக இல்லை. டூம்ஸ்டேயில் பதிவான மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வாங்கவும் விற்கவும் கூடிய அடிமைகள். லிங்கன்ஷயர், நார்ஃபோக் போன்ற கிழக்குப் பகுதிகளிலோ சுதந்திரமான சிறு உழவர்கள் ஏராளம். இரண்டுக்கும் நடுவே பிரபுவின் நிலத்தில் வாரத்தில் சில நாட்கள் உழைக்கக் கடமைப்பட்ட வில்லீன்கள் இருந்தார்கள். இதில் வியப்பான திருப்பம் ஒன்று உண்டு. வெற்றிக்குப் பிந்தைய சில பத்தாண்டுகளில் அடிமைமுறை தேய்ந்து மறைந்தது. மனிதர்களை விலங்குகளைப் போல் விற்பதை 1102-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய திருச்சபை மாமன்றம் தடை செய்தது. அதே 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லீன்களின் சட்ட நிலை மோசமாயிற்று. அரசரின் நீதிமன்றங்கள் சுதந்திர மனிதர்களுக்குக் கதவைத் திறந்தபோது, யார் சுதந்திர மனிதர் என்று கோடு கிழிக்க வேண்டியதாயிற்று. வில்லீன்கள் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். ஆகவே வெற்றியால் ஏழைகளின் நிலை உயர்ந்தது என்றோ தாழ்ந்தது என்றோ ஒரே வரியில் எழுத இயலாது.

குடியானவர் மணமகளின் முதலிரவு பிரபுவுக்கே உரியது என்ற கதையையும் விட்டுவிடலாம். அதற்கு இங்கிலாந்தில் ஆதாரம் இல்லை. வில்லீன் தன் மகளைக் கட்டிக்கொடுக்க பிரபுவுக்கு 'மெர்ச்செட்' என்ற கட்டணம் செலுத்தியதற்குத்தான் பதிவேடுகள் நிறைய உண்டு.

மூத்த மகனுக்கே முடி என்று எடுத்துக்கொள்வது

இந்தக் காலத்து அரசர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். முதலாம் வில்லியம் 1087-ல் இறந்தபோது மூத்தவர் ராபர்ட்டுக்கு நார்மண்டி போயிற்று. இங்கிலாந்து அடுத்த மகன் வில்லியம் ரூஃபஸுக்கு வந்தது. இளையவர் ஹென்றிக்குப் பணம்தான் கிடைத்தது. ரூஃபஸ் 1100 ஆகஸ்ட் 2 அன்று நியூ ஃபாரஸ்ட் காட்டில் வேட்டையாடும்போது அம்பு பட்டு இறந்தார். ஹென்றி நேராக வின்செஸ்டருக்குக் குதிரையை விரட்டிக் கருவூலத்தைக் கைப்பற்றி, ஆகஸ்ட் 5 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூடிக்கொண்டார். சிலுவைப் போரிலிருந்து ராபர்ட் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஹென்றியின் ஒரே சட்டபூர்வ மகன் 1120 நவம்பரில் 'வெள்ளைக் கப்பல்' மூழ்கியபோது இறந்தான். மகள் மெட்டில்டாவை வாரிசாக ஏற்கும்படி 1127-ல் பிரபுக்கள் எல்லோரையும் சத்தியம் செய்யவைத்தார். 1135 டிசம்பர் 1 அன்று அவர் கண்ணை மூடினார். டிசம்பர் 22 அன்று முடி சூடியவரோ அவருடைய மருமகன் முறை உறவினரான, சகோதரி மகன் ஸ்டீஃபன். சத்தியம் செய்தவர்களில் அவரும் ஒருவர்.

சூழ்ச்சி, துரோகம் என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துவிடுவதுதான் தவறு. பிறப்பால் உரிமை கிடைக்கும். முடிசூட்டும் அபிஷேகமும்தான் ஒருவரை அரசராக்கும். 'அரசரின் அமைதி' என்ற பாதுகாப்பு அரசரோடு சேர்ந்தே இறந்தது. இடைப்பட்ட நாட்களில் கொள்ளையடிப்பவனைக் கேட்க ஆளில்லை என்பதால் யாரையாவது சீக்கிரம் முடிசூட்ட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருந்தது. முடிசூட்டுக்கு முன்பிருந்தே ஆட்சியாண்டைக் கணக்கிடும் வழக்கம் 1272-ல் முதலாம் எட்வர்டோடுதான் தொடங்கியது. அப்போது அவர் சிலுவைப் போரில் இருந்தார், முடிசூடியது 1274-ல். மெட்டில்டாவும் பெண் என்பதால் மட்டும் தோற்கவில்லை. 1141-ல் ஸ்டீஃபனைச் சிறைப்பிடித்து, 'ஆங்கிலேயரின் தலைவி' என்ற பட்டத்தோடு லண்டன்வரை வந்துவிட்டார். முடி சூடுவதற்கு முன் பணம் கேட்டார். நகரத்தார் ஆயுதம் எடுத்து விரட்டிவிட்டார்கள்.

ஸ்டீஃபனின் 19 ஆண்டுகளையும் நாடெங்கும் ஒரே அராஜகமாக வரைவது இன்னொரு மிகை. கிறிஸ்துவும் புனிதர்களும் தூங்கிவிட்டார்கள் என்ற புகழ்பெற்ற வரி பீட்டர்பரோ மடாலயத்தில் எழுதப்பட்டது. அந்தப் பகுதி உண்மையிலேயே கடுமையாக அடிபட்டது. கென்ட் போன்ற பகுதிகள் அந்த அளவுக்குச் சிதையவில்லை.

அரசரை எல்லாம் வல்லவராகவோ பொம்மையாகவோ பார்ப்பது

1130-ஆம் ஆண்டின் கருவூலப் பதிவேடு, இவ்வகையில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய சுருள். அதில் செஸ்டர் கோமாட்டி லூசியின் பெயரில் ஒரு பதிவு இருக்கிறது. மூன்றாவது கணவரும் இறந்துவிட்ட நிலையில், ஐந்து ஆண்டுகளுக்குத் தன்னை மறுமணம் செய்யச் சொல்லாமல் இருக்க அரசருக்கு 500 மார்க் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஆக 333 பவுண்டுக்கும் மேல். அன்று அது பெருந்தொகை.

ஏன் இப்படி? அரசரிடம் நிலம் பெற்றவர் இறந்தால், அவருடைய விதவையை யாருக்கு மணமுடிப்பது, சிறுவயது வாரிசின் நிலத்தை யார் பார்த்துக்கொள்வது, வாரிசு எவ்வளவு பணம் கட்டி நிலத்தை மீட்பது என்பதெல்லாம் அரசர் கையில். இதை இன்றைய கண்ணால் லஞ்சம் என்று படித்தால் பொருள் தவறிவிடும். இது பகிரங்கமாகப் பதிவேட்டில் ஏறிய வருமானம். அதைவிட முக்கியம், பல கடன்கள் உடனே வசூலிக்கப்படவில்லை. விசுவாசமாக இருந்தவரின் கடன் தள்ளுபடியாகும், ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும். முரண்டு பிடித்தவரிடம் மொத்தமாகக் கேட்பார்கள். ஆணையிட்டதும் நடந்துவிடும் அதிகாரம் அரசருக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு பெரிய குடும்பத்தின் கழுத்திலும் ஒரு கயிறு இருந்தது.

கணக்கு பார்த்த இடமும் சுவையானது. பத்தடி நீளம், ஐந்தடி அகலம் கொண்ட மேசையில் கட்டம் போட்ட துணி விரித்திருக்கும். ஷெரீப்கள் ஆண்டுக்கு இருமுறை வந்து நிற்பார்கள். எண்ணும் காய்களைக் கட்டங்களில் நகர்த்தி, செலுத்த வேண்டியதையும் செலுத்தியதையும் எல்லோர் கண்முன்னும் கழித்துக் காட்டுவார்கள். ரசீதாகக் கொடுத்தது வெட்டுத்தடம் போட்டு இரண்டாகப் பிளந்த மரக்குச்சி. இந்தக் குச்சிமுறை 19-ஆம் நூற்றாண்டுவரை நீடித்தது. 1834-ல் பழைய குச்சிகளை எரிக்கப்போய் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோயிற்று.

சாக்சன், நார்மன் பகை தீரவே இல்லை என்பது

தொடக்கத்தில் பிளவு உண்மையாகவே கூர்மையானது. ஒரு நார்மன் கொலையுண்டு, கொன்றவன் பிடிபடாவிட்டால் அந்த நூறு முழுவதும் கடும் அபராதம் கட்ட வேண்டும். இறந்தவர் ஆங்கிலேயர் என்று நிரூபித்தால் மட்டுமே தப்பலாம். ஆனால் 1075-லேயே கோடுகள் குழம்பிவிட்டன. அந்த ஆண்டு வில்லியமுக்கு எதிராகச் சதி செய்த மூன்று பெரும் பிரபுக்களில் ரால்ஃப் பிரிட்டனி வழியினர், ரோஜர் நார்மன், வால்தியோஃப் ஒருவர்தான் ஆங்கிலேயர். (தலை போனது வால்தியோஃபுக்கு மட்டும், ரோஜருக்குச் சிறை.)

முதலாம் ஹென்றி 1100-ல் பழைய ஆங்கிலேய அரச வம்ச வழிவந்த ஈடித்தை மணந்தார். நார்மன் பிரபுக்கள் அரச தம்பதிக்கு 'காட்ரிக், காட்கிஃபு' என்று பட்டிக்காட்டு ஆங்கிலப் பெயர்கள் சூட்டிக் கேலி செய்தார்கள். அடுத்த நூறாண்டுகளில் அந்தக் கேலிக்கே இடமில்லாமல் போயிற்று. 1170-களில் கருவூலத்தின் நடைமுறைகளைப் பற்றி எழுதிய அதிகாரி ஒருவர், கலப்பு மணங்கள் பெருகிவிட்டதால் சுதந்திர மனிதர்களில் யார் ஆங்கிலேயர், யார் நார்மன் என்று சொல்வதே அரிது என்கிறார். தாமஸ் பெக்கெட்டைச் சாக்சன் மக்களின் காவலராகக் காட்டும் வழக்கமும் இதே வகைப் பிழை. 1170 டிசம்பர் 29 அன்று கேன்டர்பரி தேவாலயத்தில் வெட்டுண்ட அந்தப் பேராயர் லண்டனில் பிறந்தவர்; பெற்றோர் நார்மண்டியிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவருக்கும் அன்றைய அரசர் இரண்டாம் ஹென்றிக்கும் நடந்தது திருச்சபையின் உரிமைகள் பற்றிய சண்டை. காட்டில் வாழும் சாக்சன் வீரர்கள், கொடூர நார்மன் ஷெரீப் என்ற படிமம் பெரிதும் 19-ஆம் நூற்றாண்டு நாவல்கள் வளர்த்தது.

மாக்னா கார்ட்டாவை மக்களாட்சியின் பிறப்புச் சான்றிதழாக வாசிப்பது

ஜான் மன்னர் அதில் கையெழுத்திடவில்லை; முத்திரைதான் வைக்கப்பட்டது. 1215 ஜூனில் ரன்னிமீடில் ஒப்புக்கொண்ட சாசனத்தை ஆகஸ்ட் 24 அன்று போப் மூன்றாம் இன்னொசென்ட் செல்லாது என்று அறிவித்துவிட்டார். அது உயிரோடிருந்தது ஏறக்குறைய பத்து வாரம். ஜான் இறந்த பிறகு 1216, 1217, 1225 ஆகிய ஆண்டுகளில் திருத்தி வெளியிட்டதால்தான் நிலைத்தது. சட்டமாக நின்றது 1225-ஆம் ஆண்டு வடிவம்.

சட்டப்படியன்றி எந்தச் சுதந்திர மனிதரையும் சிறைப்படுத்தக் கூடாது என்ற 39-ஆம் பிரிவை மேற்கோள் காட்டுகிறவர்கள் 'சுதந்திர' என்பதை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். மேலே பார்த்த வில்லீன்களுக்கு அதில் இடமில்லை. சாசனத்தின் பெரும்பகுதி வாரிசுக் கட்டணம், சிறுவர் சொத்துப் பராமரிப்பு, கடன் வசூல் பற்றியது. 8-ஆம் பிரிவு, கணவனின்றி வாழ விரும்பும் விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. லூசி கோமாட்டி 500 மார்க் கொடுத்து வாங்க வேண்டியிருந்ததை, எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அரசர் இலவசமாக எழுதிக் கொடுத்தார்.

எண்களை அப்படியே எடுத்தாள்வது

வடக்கில் நடந்த அழிவில் ஒரு லட்சம் பேர் பட்டினியால் இறந்தார்கள் என்ற எண்ணைப் பல இடங்களில் பார்க்கலாம். அதைச் சொன்னவர் ஆர்டெரிக் விட்டாலிஸ். அவர் பிறந்ததே 1075-ல். எழுதியது நிகழ்ச்சி நடந்து அரை நூற்றாண்டு கழித்து, நார்மண்டி மடாலயம் ஒன்றில். தாய் ஆங்கிலேயர், தந்தை பிரெஞ்சு வழியினர். அந்தக் கொடுமையை அவர் மன்னிக்கவே இல்லை. இடைக்காலத் துறவிக்கு ஒரு லட்சம் என்றால் எண்ண முடியாத கூட்டம் என்று பொருள். அவருடைய அறச்சீற்றத்தை மேற்கோள் காட்டலாம், எண்ணிக்கையைப் புள்ளிவிவரமாக்கக் கூடாது.

டூம்ஸ்டேயிலும் கவனம் தேவை. அதில் எண்ணப்பட்டவர்கள் பெரும்பாலும் குடும்பத் தலைவர்கள். மொத்த மக்கள்தொகையைப் பெற அதை ஏதோ ஒரு குடும்ப அளவால் பெருக்க வேண்டும். நான்கரையால் பெருக்குகிறவருக்கும் ஐந்தால் பெருக்குகிறவருக்கும் விடை வேறாகத்தான் வரும். பாழ் என்று குறிக்கப்பட்ட ஊர்கள் எல்லாம் எரிந்த ஊர்கள் என்று சொல்லவும் முடியாது. வரி வராத நிலத்துக்கும் அந்தக் குறிப்பு போட்டிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. நார்தம்பர்லாந்தும் டர்ஹமும் அதில் இல்லை. லண்டனும் வின்செஸ்டரும்கூட விடுபட்டிருக்கின்றன. எனவே 1086-ல் லண்டன் மக்கள்தொகை இவ்வளவு என்று டூம்ஸ்டே ஏட்டையே சாட்சிக்கு அழைக்கும் கட்டுரை கண்ணில் பட்டால், அதிலுள்ள மற்ற எண்களையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.